கையெழுத்துச் சந்தை

விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் நம் சேலம், நாமக்கல் சீமையிலும் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது. நான் அதற்குப் பரம விரோதி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாலு பக்கம் படித்த பிறகு, "இந்த மனுஷன் எந்தக் கட்சி?" என்று வாசகர்கள் விழிக்கக் கூடாது பாருங்கள்.

கையெழுத்து வாங்குவதற்கு நான் விரோதி அல்ல. அதை விலைக்கு வாங்குவதற்குத்தான் விரோதி. தமிழில் இந்த 'வாங்கு' என்பது பொல்லாத சொல். பெரியவர்களிடம் ஆசி வாங்குகிறோம். வாத்தியாரிடம் அடி வாங்குகிறோம். உழவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறோம். ஆசியும் கத்தரிக்காயும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், இரண்டும் ஒரே காரியம் என்று சிலர் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நாமக்கல்லில் என் உறவினர் ஒருவர் இருக்கிறார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து, கை காய்த்துப் போக உழைத்து முன்னுக்கு வந்தவர். பிள்ளையை எஞ்சினீயர் ஆக்கினார். பிள்ளை டெக்ஸாஸுக்குப் போய்விட்டான். சென்ற ஆண்டு பேத்திக்குக் காதுகுத்து என்று போயிருந்தேன். கூடத்தில், முன்பு குலதெய்வத்தின் படம் மாட்டியிருந்த இடத்தில், உள்ளே விளக்கு எரியும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் பெரிய தலைக்கவசம் ஒன்று. முகத்தை மறைக்க முன்னால் கம்பிகள். பக்கவாட்டில் வெள்ளி மையில் ஒரு கிறுக்கல்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளே? அமெரிக்காவிலே பெரிய ஆட்டக்காரன் போட்ட கையெழுத்துங்க. பையன் அனுப்பிச்சான். நம்ம காசுக்கு ஒண்ணே முக்கால் லட்சமுங்க!" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுனா போலீஸ்காரன் புடிக்க மாட்டானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆட்டக்காரர் பேர் என்னங்க மாமா?" என்று நான் கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சான்றிதழைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை ஆசையாக அனுப்பியதைத் தகப்பன் கூடத்தில் வைப்பது இயற்கை. பிள்ளை தன் கையால் எழுதிய கடிதம் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்திருந்தால் நான் கும்பிட்டே இருப்பேன். என் கோபமெல்லாம் அந்தச் சான்றிதழின் மேல்தான்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நம் ஊர்க் கால்பந்து அல்ல. இரு முனையும் கூம்பிய பந்தைப் பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எதிர்த்தரப்பு 11 பேரும் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். அதனால்தான் தலைக்கவசம். வீரமான ஆட்டம், ஆட்டத்தைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு நடக்கிற வியாபாரத்தைப் பற்றித்தான் புகார். வீரரை ஒரு மேஜை முன் உட்கார வைக்கிறார்கள். பந்தும் கவசமும் சட்டையும் குவியல் குவியலாக வருகின்றன. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியாகிவிட்டது. பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவன் சாட்சியாக நிற்கிறான். கையெழுத்து விழ விழ, எண் அச்சடித்த மினுமினுப்பு வில்லையை ஒட்டுகிறான். நம் பக்கத்துக் கோழிப் பண்ணையில் முட்டையைத் தட்டில் அடுக்குகிற வேகம்! யாருக்காகப் போடுகிறோம் என்று போடுகிறவருக்குத் தெரியாது. எந்த முகத்தோடு போட்டார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

சாட்சியும் வில்லையும் எதற்கு என்று கேட்பீர்கள். பொய் அவ்வளவு மலிந்துவிட்டது. 1990-களில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை இதற்கென்றே 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயரிட்டு ஒரு பெரிய வேட்டை நடத்தியது. 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை போட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு கும்பல் இறந்தவர், இருப்பவர் எல்லோருடைய கையெழுத்தையும் அச்சாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. டோனி க்வின் என்ற பேஸ்பால் வீரர், தம் சொந்த அணியின் கடையிலேயே தம் பெயரில் கள்ளக் கையெழுத்து விற்பதைக் கண்டு சொன்னார். எல்லாவற்றுக்கும் சிகரம், நம் கல்கத்தா அன்னை தெரசாவின் கையெழுத்தோடு ஒரு பேஸ்பால்! அன்னை எப்போது பந்தாடினார் என்று வாங்குகிறவர்கள் யோசிக்கவில்லை. கூடவே சான்றிதழ் இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? சான்றிதழும் கள்ளச் சான்றிதழ் என்பது வேறு கதை.

மெய்யான பொருள்களின் கதை இதைவிட விநோதம். டாம் பிரேடி என்பவர் அந்த ஆட்டத்தின் சக்கரவர்த்தி. 2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் இறுதி ஆட்டத்தை வென்றுவிட்டு உடை மாற்றும் அறைக்கு வந்தால், கழற்றி வைத்த சட்டையைக் காணோம். கடைசியில் அது மெக்ஸிகோவில் அகப்பட்டது. பத்திரிகைக்காரர் என்று அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவர் கொண்டுபோயிருந்தார். (பத்திரிகையில் எழுதுகிற என் போன்றவர்களுக்கு இதில் கொஞ்சம் வெட்கம் உண்டு.) 2022-ல் அதே பிரேடி ஓய்வு பெற்றதாக அறிவித்ததும், அவர் கடைசியாக வீசி எல்லை சேர்த்த பந்து ஏலத்துக்கு வந்தது. மார்ச் 12-ஆம் தேதி 5 லட்சத்து 18 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. மறுநாள் பிரேடி, "நான் மறுபடி ஆட வருகிறேன்" என்று அறிவித்துவிட்டார்! 'கடைசிப் பந்து' ஒரே இரவில் கடைசி அல்லாத பந்தாகிவிட்டது. பிற்பாடு அந்த விற்பனையையே ரத்துச் செய்தார்கள். ஒரு வீரன் இன்னும் ஓராண்டு ஆடப் போகிறான் என்ற செய்தியைக் கேட்டால் ரசிகன் சந்தோஷப்பட வேண்டுமா, வேண்டாமா? இந்தச் சந்தையில் அந்தச் செய்தி நஷ்டக் கணக்கில் எழுதப்படுகிறது. நான் சொல்ல வந்த நோய் இதுதான்.

ஓ. ஜே. சிம்ப்ஸன் ஒரு காலத்தில் அதே ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர். 2007-ல் லாஸ் வேகாஸ் ஓட்டல் அறை ஒன்றில் ஆட்களோடு புகுந்து, துப்பாக்கியைக் காட்டித் தம் நினைவுப் பொருள்களையே பறித்துக்கொண்டு போன வழக்கில் 33 ஆண்டு தண்டனை பெற்று, 9 ஆண்டு சிறையில் இருந்தார். தன் புகழைத் தானே கொள்ளையடிக்கப் போவது என்பதை எந்த நாவலாசிரியனும் துணிந்து கற்பனை செய்ய மாட்டான்.

"காந்தியடிகளே கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கவில்லையா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். வாங்கினார்தான். 1934-ல் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வந்த காலத்தில் கையெழுத்துக்குக் காசு கேட்டார். உபசாரப் பத்திரங்களைக்கூட மேடையிலேயே ஏலம் போட்டார். ஆனால் கொடுத்தவர் அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். காசு எங்கே போகிறது என்று ஊருக்கெல்லாம் தெரியும். அந்த 5 ரூபாயைக் கொடுத்து வாங்கியவர், அதோடு ஒரு கடமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீடு போனார். நண்பர் அதை விட்டுவிட்டார்.

கடமை என்றதும் ஞாபகம் வருகிறது. கையெழுத்து என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி வாங்க, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வாங்க, புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் எத்தனை ஆயிரம்! அந்தக் கையெழுத்தைப் போட்டவன் ராத்திரி தூங்க மாட்டான். ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. போட்டவனைக் கட்டுவதுதான் கையெழுத்து. அந்தத் தலைக்கவசத்தின் மேல் இருக்கிற கிறுக்கல் யாரை எதற்குக் கட்டுகிறது, சொல்லுங்கள்!

என் கையெழுத்துக்கு இதுவரை ஒருவரும் காலணா கொடுத்ததில்லை. அந்த எரிச்சலில் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். வாதம் அதனால் கெட்டுப்போகாது.

நம் சீமைக்கே வருகிறேன். சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன், வலைப் பயிற்சிக்குப் பந்து வீசும் ஆளாக ஆஸ்திரேலியா போய், 2020 டிசம்பர் 2-ல் ஒருநாள் ஆட்டத்திலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டிலும் இறங்கினார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றறியாத மைதானம் அது. முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கு 3 விக்கெட். ஊர் திரும்பியவரை ரதத்தில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். அந்தத் தொடரில் ஆடிய ஆறு இளைஞர்களுக்குத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா ஆளுக்கொரு 'தார்' வண்டி பரிசளித்தார். ஏப்ரலில் வண்டி வந்து சேர்ந்தது. நடராஜன் என்ன செய்தார்? அந்த டெஸ்டில் போட்டிருந்த சட்டையில் கையெழுத்திட்டு மஹிந்திராவுக்கு அனுப்பிவைத்தார்.

இதைத்தான் கையெழுத்து என்கிறேன். சீர் வந்தால் எதிர்ச்சீர் செய்கிற நம் ஊர் மரியாதை அதில் இருக்கிறது. சான்றிதழ் இல்லை, வில்லை இல்லை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். ஆனாலும் அந்தச் சட்டை மும்பைக்குப் போய்விட்டதே என்று எனக்கு ஒரு மூலையில் உறுத்தல் உண்டு. இது வெறும் ஊர்ப்பற்று.

அதே 2021-ல் இன்னொன்றும் நடந்தது. டோக்கியோ பாராலிம்பிக் சென்ற நம் வீரர்கள் கையெழுத்திட்ட அங்கவஸ்திரம் ஒன்று, பிரதமருக்கு வந்த பரிசுப் பொருள்களின் ஏலத்தில் 1 கோடி ரூபாய்க்குப் போயிற்று. நீரஜ் சோப்ராவின் ஈட்டி ஒன்றரைக் கோடி. பணம் கங்கையைச் சுத்தம் செய்ய. நல்ல காரியம், மறுக்கவில்லை. அந்த டோக்கியோக் குழுவில் ஒருவர் நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது காலை நசுக்கியது. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். காய்கறிக் கூடை சுமந்த தாயின் மகன் இருந்த குழுவின் கையெழுத்துத் துணி கோடி ரூபாய் போகிறது என்றால் பெருமைதான். ஆனால் பெரியவடகம்பட்டிப் பள்ளிக்கூடப் பையன் அதை எங்கே போய்ப் பார்ப்பான்?

இந்த மண்ணில் வீரனுக்கு நினைவுப் பொருள் செய்யும் வழக்கம் புதிதல்ல. 1965 வரை சேலம் ஜில்லாவாக இருந்த தருமபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரிக்கரையிலும் வழியோரத்திலும் நடுகற்கள். மாடு மீட்டவன், புலியைக் குத்தியவன் என்று உருவமும் பேரும் செதுக்கி, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க நட்டுவைத்தார்கள். எந்தப் பண்ணையாரும் அதைப் பெயர்த்துத் தன் கூடத்தில் வைத்து விளக்குப் போடவில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நம் வீரர்களின் ஒரு பந்து, ஒரு காலணி, ஒரு சட்டை அங்கே இருக்கட்டும். பஸ் சத்தம் கொடுத்து வந்து எந்தப் பையனும் பார்க்கட்டும். கையில் காசு இருக்கிற கனவான்கள் வாங்கித்தான் தீருவேன் என்றால், வாங்கி அங்கே கொடுக்கட்டும். பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னும் நல்லது, பொட்டல் மைதானங்களுக்கு மேட்டிங் வாங்கித் தருவது. ஓமலூர்ப் பக்கம் ஒரு ஏரிப் பொட்டலில் பையன்கள் ஆடுவதைச் சமீபத்தில் பார்த்தேன். பந்து வீச வந்த பொடியன் கையிலிருந்த பந்தில் நீல மையில் ஏதோ தெரிந்தது. வாங்கிப் பார்த்தேன். பக்கத்து ஊரிலிருந்து லீக் ஆடப் போன ஒரு பந்துவீச்சாளர் போட்ட கையெழுத்தாம், பாதி அழிந்திருந்தது.

"ஏன் தம்பி, இதைப் போட்டு ஆடினால் மிச்சமும் அழிஞ்சு போயிடுமே?"

"வேற பந்து இல்லீங்கண்ணா. அவரும் ஆடறதுக்குத்தான் குடுத்தாரு" என்று சொல்லிப் பந்தை வாங்கிக்கொண்டு, பின்னால் நடந்து போய் ஓடி வந்து வீசினான். ஓங்கி ஓர் அடி. பந்து கரையைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் விழுந்தது. பத்துப் பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு தேட ஓடினார்கள்.