காளானை அறிவோம், பறியோம்

இலையுதிர் காலம் வந்துவிட்டால், இலண்டனின் வடகிழக்கே பரந்து கிடக்கும் எப்பிங் காட்டில் காளான்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளுடன் அங்கு உலாவச் செல்லும் பெற்றோர் பலரின் மனத்திலே, ஊரில் மழைக்குப் பின் காளான் பறித்துக் கறி சமைத்த நினைவு எழுவது இயல்பே. அந்நினைவே இங்கு ஆபத்தாகலாம் என எடுத்துரைப்பது எமது கடமையெனக் கருதுகின்றோம்.

ஆசிய நாடுகளில் விரும்பி உண்ணப்படும் வைக்கோற் காளான், இளம் பருவத்தில் முட்டை வடிவான உறையினுள் இருக்கும். ஓக், பீச் மரங்களின் அடியில் வளரும் ‘டெத் கேப்’ எனும் கொடிய நச்சுக் காளானும் அவ்வாறே தோன்றும். இவ்விரண்டையும் மாறி எண்ணியதால், ஆசியாவிலிருந்து மேலைநாடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் சிலர் உயிரிழந்துள்ளனர். அவர்கள் தம் மண்ணின் காளானை நன்கறிந்தவர்கள். ஆனால் அவ்வறிவு அந்த மண்ணுக்கே உரியது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது, நன்கு அவித்தால் தீங்கில்லை என்பனவெல்லாம் பொய். டெத் கேப்பின் நஞ்சு கொதிநீரிலும் அழியாது, சுவையும் காட்டிக்கொடாது. உண்டபின் 6 முதல் 24 மணி நேரம் வரை எக்குறியும் தோன்றாதிருக்கலாம். பின்பு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு, சற்றே குணமானது போலத் தோன்றும். அவ்வேளையிலும் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஐயம் எழுந்தால், குறிகளுக்காகக் காத்திராது, எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அப்படியாயின் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லலாகாதா? அவ்வாறன்று. வெறும் அச்சம் அறிவாகாது. எப்பிங் காட்டில் காளான் பறிப்பதற்குத் தடை உண்டு. பறியாமலே அறிய வழியும் உண்டு.

மாணவர்களே, எம்மரத்தின் அருகில் வளர்கின்றது என முதலிற் பாருங்கள். சிறு முகக் கண்ணாடியைக் குடையின் கீழே பிடித்து, மடிப்புகளின் நிறத்தை நோக்குங்கள். தண்டில் வளையம் உண்டா, அடியிற் பை போன்ற உறை உண்டா என்பனவற்றைக் குறித்து, படமும் வரையுங்கள். வீட்டில், கடையில் வாங்கிய விரிந்த காளானின் குடையை வெள்ளைத் தாளில் வைத்து, ஓரிரவு கிண்ணத்தால் மூடுங்கள். காலையிற் கபில நிற வித்திகள் தாளிற் பதிந்திருக்கும். வைக்கோற் காளானின் வித்திகள் இளஞ்சிவப்பு. டெத் கேப்பினுடையவை வெண்மை. நிறம் ஒரு குறி மட்டுமே. அது கொண்டு எதையும் உண்ணத் துணியலாகாது.

எல்லாக் குறிகளும் பொருந்தி ஒன்று மட்டும் பொருந்தாவிடினும், ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அவ்வாறு எழுதத் தயங்காத பிள்ளையைக் கண்டு பெற்றோர் மகிழவேண்டும். கறிக்குக் கடைக் காளான் போதும். இந்நாட்டுக் காட்டைக் கற்பதில் பிள்ளைகளோடு பெற்றோராகிய நாமும் முதலாம் வகுப்பு மாணவரே.