ஒரு பெயர், பல வியாதிகள்

மார்பகப் புற்று என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்று மாலைக்குள் வீட்டுக் கூடம் உறவினரால் நிறைந்துவிடுகிறது. "எங்கள் ஒன்றுவிட்ட அத்தை இரண்டு வருஷங்கூட இருக்கவில்லை" என்று ஒருவர் பெருமூச்சு விடுகிறார். "எங்கள் தெரு மாமிக்கு ஆபரேஷன் ஆகி இருபது வருஷம், பேரனுக்குக் கல்யாணமே செய்து வைத்துவிட்டாள்" என்கிறார் மற்றொருவர். இரண்டும் மெய்தான். ஆயினும் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்திரீக்கு இவற்றால் யாதொரு பயனும் இல்லை. அத்தைக்கு வந்தது ஒரு வியாதி; மாமிக்கு வந்தது வேறொன்று; பெயர் மாத்திரமே ஒன்று.

1889-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றினால் இறந்த 735 பேருடைய விவரங்களை ஆராய்ந்தார். ஈரலில் 241 பேருக்கு நோய் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்குத்தான். இரண்டு உறுப்புகளுக்கும் இரத்தம் தாராளமாகவே செல்கிறது. அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்? விதை எங்கும் சிதறினாலும் இசைந்த மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் விடை கண்டார். நஞ்சையும் புஞ்சையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விதைகளிலேயே பல ஜாதிகள் உண்டென்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

இப்பொழுது கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, முக்கியமாக மூன்று விஷயங்களைப் பரீட்சிக்கிறார்கள்: ஈஸ்ட்ரஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்னும் புரதம். ஏற்பி என்பது, உடலில் ஊறும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் கைபோன்றது. அந்தக் கை உள்ள வகையே அதிகம். மெதுவாக வளரும், பரவினால் பெரும்பாலும் எலும்பை நாடும். மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆனால் இதற்குப் பொறுமை மிக அதிகம்; பத்து, பதினைந்து வருஷம் உறங்கிக் கிடந்து பிறகு எழுவதும் உண்டு.

ஹெர்-2 மிகுந்த வகை வேகமானது. ஈரலுக்கும் மூளைக்கும் செல்லக் கூடியது. ஒரு காலத்தில் டாக்டர்களே இதைக் கண்டு அஞ்சினார்கள். 1998-ல் அமெரிக்காவில் டிரஸ்டுஸுமாப் என்னும் மருந்து அங்கீகாரம் பெற்ற பிறகு இதன் ஜாதகமே மாறிவிட்டது. எந்தப் புரதம் சத்துருவாயிருந்ததோ, அதுவே மருந்துக்குக் குறி காட்டும் அடையாளமாயிற்று.

மூன்றும் இல்லாத வகை ஒன்று உண்டு. இளம் வயதினருக்கும் வருவது. நுரையீரலையும் மூளையையும் தேடிச் செல்வது. திரும்புமானால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்திற்குள் திரும்பிவிடும். ஐந்து வருஷம் சுகமாய்க் கடந்தவர்களுக்கு அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆக, முரட்டு வியாதியில் ஐந்தாம் வருஷத்தில் கிடைக்கும் நிம்மதி, சாது வியாதியில் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை! வகை ஒன்றை மாத்திரம் பார்த்தும் தீர்ப்புச் சொல்லலாகாது. அக்குள் நெறிகளுக்குப் பரவாத சிறு கட்டியானால், முரட்டு வகையும் நன்கு குணமாகலாம்.

பால் சுரக்கும் சிறு மடல்களில் தோன்றும் வகையையும் சொல்ல வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இதுவே. இதன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பசையை இழந்து, எறும்புச் சாரிபோல் வரிசையாக ஊர்கின்றன. ஆகையால் கைக்குக் கட்டி தட்டுப்படாமல், ஓரிடம் தடித்தாற்போல் மட்டும் இருக்கலாம். மம்மோகிராம் படத்துக்கும் தப்பிவிடலாம். மற்ற வகைகள் அதிகம் நாடாத வயிற்று உறை, குடல், கருப்பை அண்டம் ஆகியவற்றிற்கும் இது செல்லும்.

ஏற்பி உள்ள வகைக்கு மாத்திரையை ஐந்து முதல் பத்து வருஷம் வரை உட்கொள்ளச் சொல்கிறார்கள். மூட்டு வலியும் உடல் உஷ்ணமும் தாங்காமல், 'உடம்புதான் தேறிவிட்டதே!' என்று இரண்டாம் வருஷமே யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடும் பெண்மணிகள் அநேகர். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தரக்கூடும். பன்னிரண்டாம் வருஷத்தில் முதுகெலும்பு விடாமல் வலித்தால், வயதின் கோளாறென்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் பழைய வியாதியை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குள் டாக்டரும் மாறியிருப்பார், ஊரும் மாறியிருக்கும். அந்தப் பரீட்சைக் காகிதத்தை நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைப்பது நலம். அது அங்கே இருப்பதை, வீட்டுப் புருஷர்களோடு அந்த அம்மாளும் அறிந்திருக்க வேண்டும்.