அழாத பிள்ளைக்கும் பால் வேண்டும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பிறந்து மூன்று நான்கு நாள்களே ஆன குழந்தையிடம் இந்தப் பழமொழி செல்லாது. பால் போதாத குழந்தை முதலில் அழும். உடலில் நீர் குறையக் குறைய, அழவும் தெம்பின்றித் தூங்கிக்கொண்டே இருக்கும். "சமத்துப் பிள்ளை, தொல்லையே இல்லை" என்று வீட்டார் மகிழ்வார்கள். ஆபத்தே அங்குதான்.

பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். முதல் சில நாள்களில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவு. ஆகவே பெரும்பாலான குழந்தைகள் சிறிது எடை இழந்து, இரண்டு வாரத்திற்குள் மீட்டுக்கொள்ளும். ஆனால் 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2.7 கிலோவுக்கு இறங்கினால் இழப்பு 10 விழுக்காடு. அப்போது உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறும். மஞ்சள் காமாலை கூடும். வலிப்பும் மூளைப் பாதிப்பும்கூட நேரலாம்.

இதற்காகச் சீனித் தண்ணீர் புகட்டுவது தவறு. தண்ணீரால் வயிறு நிறைந்தால் குழந்தை சப்பாது. சப்பாவிட்டால் பால் ஊறாது. பத்தியக் காலத்தில் சன்னலைச் சாத்தி, நம் ஊர் வெப்பத்தில் பிள்ளையைக் கனத்த துணியில் சுற்றுவதும் நீரிழப்பைக் கூட்டும்.

1998-லேயே சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள் அனைத்தும் 'குழந்தை நேய மருத்துவமனை' என்ற தகுதியைப் பெற்ற நாடு நம்முடையது. தாய்ப்பாலே சிறந்தது என்பதை அறியாதவர் இல்லை. அது வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பதுதான் குறைவு. அதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஈரமான பாம்பர்ஸை எண்ணினால் போதும். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கறுப்பு மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும்.

பண்டார் தெங்காரா போன்ற செம்பனை வட்டாரத்தில் இருப்பவர்கள் மருத்துவமனைக்கு கூலாய்க்கோ கோத்தா திங்கிக்கோதான் ஓட வேண்டும். ஆகவே கடைசி நிமிடம் வரை காத்திருக்கக்கூடாது. வீடு தேடி வரும் தாதியிடம் எடையை மட்டும் கேட்டு நிறுத்தாமல், "பிறந்த எடையில் எத்தனை விழுக்காடு குறைந்திருக்கிறது?" என்றும் கேளுங்கள். இந்தக் கணக்கைத் தகப்பன்மார்கள் பொறுப்பேற்கலாம். படிவம் ஒன்று மாணவனுக்கே தெரிந்த விழுக்காட்டுக் கணக்குதான் இது.

பால் போதவில்லை என்றால் தாயைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் குழந்தை மார்பைப் பற்றும் முறையைத் திருத்தினாலே பால் கூடும். சில நாள்களுக்குக் கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால், அது தாய்க்குத் தோல்வியன்று, பிள்ளைக்குச் சிகிச்சை.