பெயர் மட்டும் பழசு

15 வருடமாக ஒரு கதையின் முடிவுக்குக் காத்திருந்தவர்கள் கையில் கடைசி அத்தியாயம் வந்து சேர்கிறது. ஆசையாகத் திறந்து பார்த்தால், அது அவர்கள் இத்தனை நாள் படித்து வந்த புத்தகமாகவே இல்லை. 2010 மார்ச்சில் 'கமாண்ட் அண்ட் காங்கர் 4: டைபீரியன் ட்வைலைட்' வெளியானபோது அதன் ரசிகர்களுக்கு நடந்தது இதுதான். அன்று கிளம்பிய கோபம் இன்றுவரை முழுதாக அடங்கவில்லை.

"கேவலம் ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் வெஸ்ட்வுட் என்று ஒரு ஸ்டுடியோ இருந்தது. 1992-ல் அவர்கள் வெளியிட்ட 'டூன் 2', இன்று 'ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி' என்று சொல்லப்படும் விளையாட்டு வகைக்கு ஒரு வடிவம் கொடுத்தது. சதுரங்கம் மாதிரி ஆளுக்கு ஒரு முறை என்பதெல்லாம் இதில் கிடையாது. நீங்கள் தாடையைத் தடவி யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரி டாங்கி கட்டிக்கொண்டிருப்பான்! அதே வெஸ்ட்வுட் 1995-ல் கொண்டு வந்ததுதான் முதல் 'கமாண்ட் அண்ட் காங்கர்'.

கதை இதுதான். இத்தாலியின் டைபர் நதிக்கு அருகில் விண்கல் ஒன்று விழுகிறது. அதிலிருந்து டைபீரியம் என்ற பச்சைப் படிகம் பூமியெங்கும் பரவுகிறது. அது விஷம், அதே சமயம் பெரும் செல்வம். அதற்காக ஜி.டி.ஐ. என்ற உலகப் படையும் 'நாட்' என்ற ரகசிய இயக்கமும் மோதிக்கொள்கின்றன. நாட் இயக்கத்தின் தலைவன் கேன். மொட்டைத் தலை, குறுந்தாடி, உறுத்துப் பார்க்கும் கண்கள். நடித்தவர் ஜோ குக்கன், வெஸ்ட்வுட்டில் அந்த வீடியோ காட்சிகளை இயக்கியவரும் அவரே. கேன் செத்துவிட்டான் என்று நினைத்தால் அடுத்த பாகத்தில் வந்து நிற்பான். 1999-ல் 'டைபீரியன் சன்', 2007-ல் 'டைபீரியம் வார்ஸ்' என்று கதை நீண்டது. யார் இந்தக் கேன், அவனுக்கு ஏன் வயதே ஆகவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ரசிகர்களைக் கட்டிப்போட்டது கதை மட்டும் இல்லை, விளையாடும் விதம். ஒரு பெரிய வண்டி வரும். சரியான இடம் பார்த்து அதை விரித்தால் கட்டுமானத் தளம் ஆகும். பிறகு மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை. ஆலையோடு சேர்ந்து ஒரு ஹார்வெஸ்டர் வண்டி வரும். அது ஊர்ந்து போய் டைபீரியத்தை அறுவடை செய்து கொண்டு வந்து கொட்டினால்தான் காசு. காசு இருந்தால்தான் படை. அந்த ஒரு வண்டியை எதிரி தட்டிவிட்டால் உங்கள் பொருளாதாரமே படுத்துவிடும். எங்கே சுவர் வைப்பது, எப்போது சேமிப்பது, எப்போது துணிந்து செலவழிப்பது என்று ஒவ்வொரு நிமிடமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குருவி சேர்ப்பது போலச் சேர்த்துக் கட்டிய தளத்தைக் காப்பாற்றத்தான் சண்டையே. கட்டியவனுக்குத்தானே இடிந்தால் வலிக்கும்?

நான்காம் பாகம் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

தளம் கட்டுவது போய்விட்டது. அதற்குப் பதில் 'கிராலர்' என்ற நடமாடும் இயந்திரம் ஒன்று. தாக்குதல், தற்காப்பு, உதவி என்ற மூன்று வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் படை அதிலிருந்தே வெளியே வரும். ஹார்வெஸ்டர் இல்லை. காசு இல்லை. இத்தனை புள்ளிகளுக்குள் படை இருக்கலாம் என்று ஒரு வரம்பு, அவ்வளவுதான். படை அழிந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். கிராலரே அழிந்தாலும் புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். வரைபடத்தில் உள்ள முனைகளைப் பிடித்து வைத்திருப்பதே பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் வெற்றி.

இதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. நல்ல டாங்கிகளும் விமானங்களும் ஆரம்பத்தில் கிடைக்காது. ஆடி ஆடி அனுபவப் புள்ளிகள் சேர்த்தால்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள்ளேயே பூட்டு! அதற்கும் மேல், தனி ஆளாக உட்கார்ந்து கதைப் பகுதியை ஆடுவதற்குக்கூட இன்டர்நெட் இணைப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். 2010-ல் எத்தனை வீடுகளில் அறுபடாத இணைப்பு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கேனின் கதையாவது ஒழுங்காக முடிந்ததா? கேன் ஜி.டி.ஐ.யோடு கைகோர்க்கிறான், டைபீரியத்தைக் கட்டுப்படுத்த வழி சொல்கிறான், கடைசியில் ஒரு வாசல் வழியாக வேறு உலகத்துக்குப் போய்விடுகிறான். சுபம். மூன்றாம் பாகத்தில் பெரிய எதிர்பார்ப்போடு அறிமுகமான ஸ்க்ரின் என்ற வேற்றுகிரகப் படையை இதில் ஆடவே முடியாது. 15 வருடக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

இங்கே எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்டாக வேண்டும். "ரசிகர்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறை சொல்வார்கள். அப்படியே கொடுத்தால் அரைத்த மாவு என்பார்கள், மாற்றினால் துரோகம் என்பார்கள்." இதில் பாதி உண்மை. எல்லா ரசிகர் கூட்டத்திலும் அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வரிசையின் ரசிகர்கள் மாற்றத்துக்கே எதிரிகள் என்பது உண்மையில்லை. அதற்கு அவர்கள் கையிலேயே சாட்சி இருக்கிறது.

2003-ல் வந்த 'ஜெனரல்ஸ்' விளையாட்டைப் பாருங்கள். அதில் கேன் இல்லை, டைபீரியம் இல்லை, நடிகர்கள் பேசும் வீடியோக்கள் இல்லை. திரையின் ஓரத்தில் இருந்த பழைய கட்டளைப் பட்டை இல்லை. விரிக்கும் வண்டிக்குப் பதில் புல்டோசரும் தொழிலாளிகளும் வந்து கட்டினார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் என்ன வேண்டும்? ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் இன்று அந்த வரிசையில் அதிகம் நேசிக்கப்படும் விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. காரணம் எளிது. வெளித்தோற்றம் எல்லாம் மாறினாலும் இடம் பிடி, கட்டு, சேர், காப்பாற்று, அடி என்ற அடிப்படை அப்படியே இருந்தது. அதோடு, அது தன்னை டைபீரியம் கதையின் அடுத்த பாகம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

தளம் கட்டுவதை எடுத்தாலே ஆட்டம் கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. 2009-ல் வந்த 'டான் ஆஃப் வார் 2' கிட்டத்தட்ட அதையேதான் செய்தது. அங்கேயும் வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் எடுத்ததற்கு ஈடாக, சின்னச் சின்னக் குழுக்களைப் பார்த்துப் பார்த்து வளர்க்கும் ஒரு புது அனுபவத்தைக் கொடுத்தார்கள். ஒரு கையால் எடுத்தால் இன்னொரு கையால் ஏதாவது தர வேண்டும். டைபீரியன் ட்வைலைட் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டது.

காமர்ஸ் படிக்கும் யாருக்கும் 'நற்பெயர்' என்ற சொல் தெரிந்திருக்கும். குட்வில். கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு நிறுவனம் தானே உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகக் காட்ட முடியாது. அந்த நிறுவனத்தை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும்போதுதான் அது ஒரு தொகையாக ஏட்டில் ஏறும். 1998-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், வெஸ்ட்வுட்டையும் வர்ஜின் இன்டராக்டிவ் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவையும் சேர்த்து 12.25 கோடி டாலருக்கு வாங்கியது. கட்டடத்துக்கும் கம்ப்யூட்டர்களுக்குமா அவ்வளவு பணம்? அந்தப் பெயரைக் கேட்டதும் கடைக்கு ஓடி வரும் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். 2003-ல் வெஸ்ட்வுட் மூடப்பட்டது. பெயர் மட்டும் புது முதலாளியிடம் மிஞ்சியது.

ஆனால் நற்பெயருக்கு ஒரு விசித்திரம் உண்டு. அதைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் அது இருப்பது வாங்கியவரின் பெட்டியில் இல்லை, வாடிக்கையாளரின் மனதில். பேர்போன பரோட்டா கடையை வாங்கி, அதே போர்டைத் தொங்கவிட்டு, உள்ளே நூடுல்ஸ் மட்டும் போட்டால் என்ன ஆகும்? நூடுல்ஸ் ருசியாகவே இருக்கட்டும். வந்தவன் பரோட்டா எங்கே என்றுதான் கேட்பான். அப்படிக் கேட்பவனைப் பழமைவாதி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. போர்டைப் பார்த்துத்தானே அவன் உள்ளே வந்தான்? கிராலர் விளையாட்டை வேறு பெயரில் விட்டிருந்தால் சுமாரான முயற்சி என்று நாலு பேர் சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். '4' என்ற எண்ணையும் கேனின் முகத்தையும் அட்டையில் போட்டதுதான் வினையாகிப் போனது.

அதற்காக, அதை உருவாக்கிய கலைஞர்களையும் புரோகிராமர்களையும் கண்டபடி ஏசியது சரியா? இல்லவே இல்லை. என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் ஒருவர், ராத்திரி கண் விழித்துச் செய்பவர் இன்னொருவர். ஏமாற்றத்துக்கு உரிமை உண்டு, வசைக்குக் கிடையாது. இதை ரசிகர்களும் மனதில் வைக்க வேண்டும்.

கதையின் அடுத்த பகுதி இன்னும் சுவாரசியம். 'ஜெனரல்ஸ்' பெயரில் தொடங்கிய புது விளையாட்டு 2013-ல் பாதியிலேயே கைவிடப்பட்டது. 2018-ல் மொபைலுக்காக 'ரைவல்ஸ்' அறிவிக்கப்பட்டபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அதே வருடம்தான் நிறுவனம் இறங்கி வந்தது. முதல் கமாண்ட் அண்ட் காங்கரையும், 1996-ல் வந்த 'ரெட் அலர்ட்'டையும் புதுப்பித்துத் தருவதாகச் சொன்னது. அந்த வேலை யாரிடம் போனது தெரியுமா? பழைய வெஸ்ட்வுட் ஆட்கள் சிலர் சேர்ந்து 2003-ல் தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனத்திடம். அன்று இசையமைத்த ஃபிராங்க் கிளெபாக்கியே மறுபடி வந்தார். ரசிகர்களில் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆலோசனையும் கேட்டார்கள். 2020 ஜூனில் அது வெளிவந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் புதிய படம். மூல நிரலின் ஒரு பகுதியையே ரசிகர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டார்கள். பத்து வருடம் முறைத்துக்கொண்டு நின்ற அதே கூட்டம் கைதட்டி வாங்கிக்கொண்டது.

இதில்தான் பாடம் இருக்கிறது. ரசிகர்கள் வெறுத்துப் போய்விடவில்லை, காத்திருந்தார்கள். 25 வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தை அப்படியே கேட்பது பழமை மோகம் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது பழசை அல்ல, எதற்காக அந்த விளையாட்டை நேசித்தார்களோ அதை. அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எதை மாற்றினாலும் அவர்கள் கூடவே வந்திருப்பார்கள், ஜெனரல்ஸுக்கு வந்தது போல.

டைபீரியம் கதைக்கு 2010-க்குப் பிறகு முழு நீளத் தொடர்ச்சி எதுவும் வரவில்லை. அந்த வாசலைத் தாண்டிப் போன கேன் இன்னும் திரும்பவில்லை. ஆனால் செத்ததாக நினைத்தபோதெல்லாம் வந்து நின்றவன் அவன். என்றாவது ஒருநாள் வந்தால், தயவு செய்து கூடவே ஒரு ஹார்வெஸ்டரையும் கூட்டிக்கொண்டு வரட்டும்!