இங்க ஒண்ணுமே இல்ல மச்சான்!

மக்களே, ஒரு சின்ன கேள்வி. வெளியூர்ல இருந்து ஃப்ரெண்டு வர்றான். 'உங்க ஏரியாவைச் சுத்திக் காட்டுடா'ங்கிறான். எதைக் காட்டுவீங்க?

மயிலாப்பூர்க்காரர்கள் தப்பித்தார்கள். கபாலி கோயில், குளம், ஃபில்டர் காபி... வேலை முடிஞ்சது. தி.நகர்க்காரர்கள் ரங்கநாதன் தெரு முனையில் கொண்டுபோய் விட்டால் போதும், மிச்சத்தைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். பெசன்ட் நகருக்கு பீச் இருக்கு.

நான் இருப்பது கொட்டிவாக்கம். மகாபலிபுரத்துக்கு பைக்கில் பறக்கும்போது ரெண்டு நிமிஷத்தில் கடந்துபோவீங்களே, அதே கொட்டிவாக்கம்தான். திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் நடுவில் இருக்கும். 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுவரை 'நீ சென்னையா?' என்று யாராவது கேட்டால் 'ம்ம்... திருவான்மியூர் பக்கம்' என்று இழுப்போம்!

2025 ஜனவரியில், கல்யாணம் ஒன்றுக்காக சிங்கப்பூரிலிருந்து என் அத்தை பையன் வந்தான். வந்த மறுநாளே, "மச்சான், ஒரு பிரைவேட் டூர் புக் பண்ணிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தனி கைடு" என்றான். கட்டணத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. என் ஒரு செமஸ்டர் ஜெராக்ஸ் செலவுங்க அது! "நான் ஃப்ரீயாவே சுத்திக் காட்டுவேனேடா..." என்றேன். "உனக்கு என்ன தெரியும்?" என்றான்.

ரோஷம் வந்தது. பதில்தான் வரலை.

காலை ஆறரை மணி, கபாலி கோயில் குளக்கரை. கைடு வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஜோல்னா பை. மைக் கிடையாது, மனப்பாட ஒப்பித்தலும் கிடையாது. முதல் கேள்வியே எனக்குத்தான் வந்தது: "தம்பி, இந்தக் கோயில் முதல்ல எங்க இருந்தது தெரியுமா?"

திருதிருவென முழித்தேன். பழைய கோயில் கடற்கரை ஓரமாக இருந்ததாம். போர்த்துக்கீசியர் வந்த பிறகு அது அழிந்துபோய், உள்ளே தள்ளி இப்போதைய கோயில் எழுந்ததாம். அடுத்து லஸ் சர்ச். 1516-ல் கட்டியது! சென்னைப்பட்டினத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோமே, அந்த 1639-க்கு நூறு வருஷத்துக்கும் மேலே மூத்தது. அதன் வாசலில் பஸ்ஸுக்காக நான் எத்தனை நாள் நின்றிருப்பேன்! ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பேனா?

மூன்று மணி நேரம் போனதே தெரியலை. ஒரு பட்டுப் புடவைக் கடைக்கோ, கைவினைப் பொருள் கடைக்கோ அவர் எங்களை இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. கடைசியில் காபி குடிக்கும்போது அத்தை பையன் சும்மா இருக்காமல், "மச்சான், உங்க ஏரியாவுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "கொட்டிவாக்கமா? இங்க ஒண்ணுமே இல்ல மச்சான்!"

கைடு டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, ஜனவரி மாசத்துல நடுராத்திரி உங்க பீச்சுல நடந்திருக்கீங்களா?"

"இல்ல சார்..."

"அப்ப இல்லைனு சொல்லாதீங்க. பார்க்கலைனு சொல்லுங்க. அங்க கூட்டிட்டுப் போறதுக்கு நான் சரியான ஆள் இல்ல. உங்க வயசுப் பசங்கதான் சரி. போய்ப் பாருங்க."

தன் தொழிலில் கெட்டிக்காரர் என்பதை அந்த ஒரு வரியில் காட்டிவிட்டார். 'இது எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க இவங்க' என்று கைகாட்டுகிற கைடு கிடைத்தால் விடாதீங்க!

அவர் சொன்னது ஆமை நடை. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று ஒரு அமைப்பு. பெயரிலேயே ஸ்டூடண்ட்ஸ் இருக்கு பாருங்க. 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் நடத்தும் அமைப்பு இது. ஆமை சீஸனில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் ராத்திரி ராத்திரியாக நடந்து, கடலாமை இட்ட முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறார்கள். வார இறுதியில் நம்மைப் போன்றவர்களும் கூடவே போகலாம்.

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு நீலாங்கரையில் ஆஜரானோம். எங்கள் கூட்டத்தை வழிநடத்திய பையன் செகண்ட் இயர் படிக்கிறானாம். முதலில் ரூல்ஸ்: டார்ச் அடிக்கக் கூடாது, ஃப்ளாஷ் கூடாது, சத்தம் கூடாது. அத்தை பையன் சோகமாக போனைப் பைக்குள் போட்டான்.

ஆலிவ் ரிட்லிக்குத் தமிழில் அழகாக ஒரு பெயர் இருக்கு: பங்குனி ஆமை. பெண் ஆமை கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறுக்கும் மேலே முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வெளியே வரும். இருட்டில் கடல் பக்கம் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நகரும். ஆனால் இங்கே கடலைவிட நம் தெருவிளக்குதானே பிரகாசம்! குஞ்சு அப்படியே ரோட்டுப் பக்கம் நடக்கும். நாய், காக்காய், வண்டிச் சக்கரம்... கதை முடிஞ்சது. அதனால்தான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரமாகப் புதைத்து வைக்கிறார்கள். அப்படியும் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிசாகும் என்கிறார்கள். பிழைத்த பெண் ஆமை பல வருஷம் கழித்து, தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிடத் திரும்பி வருமாம். மேப் இல்லை, கைடு இல்லை!

பாலவாக்கம் தாண்டினோம். எங்க ஏரியா வந்தது. "இதுதான் கொட்டிவாக்கம்!" என்று நான் பெருமையாகக் கையை நீட்டிய இடத்தில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது.

செத்துப்போன ஆமை.

கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. யாரும் பேசலை. அந்த மாசம் சென்னைக் கடற்கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீங்க. நானும் படித்தேன். படித்துவிட்டு கிரிக்கெட் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். நம்ம தெரு முனையில் நடந்த விஷயம் என்பதே உறைக்கலை.

அந்தப் பையன் எங்களை வேறு பக்கம் திருப்பிக் கூட்டிட்டுப் போகலை. அங்கேயே நிறுத்தி விளக்கினான். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மேலே வந்து மூச்சு விட்டே ஆகணும். இழுவைப் படகின் வலையில் மாட்டினால் மேலே வர முடியாது, மூச்சு முட்டிச் செத்துப்போகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கு. ஆமை மட்டும் தப்பிப் போக வலையில் ஒரு வழி வைக்கும் கருவியும் இருக்கு. "ரெண்டையும் ஒழுங்கா கடைப்பிடிச்சா இவ்ளோ சாகாதுண்ணா" என்றான். சொல்லும்போது அவன் குரல் லேசாக உடைந்தது.

கொஞ்ச தூரம் போனதும் டிராக்டர் டயர் தடம் மாதிரி மணலில் ஒரு கோடு. பையன் ஓடினான். குச்சியை மெதுவாகச் செருகிப் பார்த்து, மணல் இளகின இடத்தில் தோண்டினான். உள்ளே பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள். நாங்க எல்லாரும் கிசுகிசுவென எண்ணினோம். நூற்றுப் பன்னிரண்டு! அத்தை பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "டேய்... உங்க வீட்டுக்கு எவ்ளோ பக்கத்துலடா!" என்றான்.

பத்து நிமிஷ நடை. இருபது வருஷமாக அங்கே இருக்கேன். கேவலமாக இருந்தது எனக்கு.

தூங்கி எழுந்து அன்றைக்குச் சாயங்காலமே ரெண்டு பேரும் குப்பத்துக்குப் போனோம். ஃபைபர் படகு நிழலில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "இன்னா பா, ஆமை பாக்க வந்தீங்களா?" என்றார். அவரே ஆரம்பித்தார். எந்தக் காத்து அடிச்சா எந்த மீன் கரைக்கு வரும், வாடை திரும்பினதை உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கும், கட்டுமரம் போய் ஃபைபர் வந்ததில் என்ன லாபம், என்ன நஷ்டம். 2004 டிசம்பர் 26 காலையில் தண்ணி எது வரைக்கும் ஏறியது என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த வழியாகத்தான் நான் டியூஷனுக்கு சைக்கிளில் போவேன்.

ஆமையைப் பற்றிக் கேட்டோம். "பெரிய போட்டு கரை வரைக்கும் வந்து வாரிட்டுப் போவுது. ஆமையும் சாவுது, எங்க வலையும் கிழியுது. ஆனா ஆமை செத்துச்சுன்னா எல்லாரும் எங்களத்தான் பாக்கறாங்கோ" என்றார். எந்த டூர் புத்தகத்திலும் இது இருக்காது மக்களே. பேப்பர் படித்து 'மீனவர்கள்' என்று மொத்தமாக ஒரு வார்த்தையில் நான் முடித்துவிட்டேன். அதற்குள்ளே பெரிய படகு, சின்ன படகு என்று ஒரு சண்டையே இருக்கு என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அத்தை பையன் பர்ஸை எடுத்தான். பெரியவர் முறைத்தார். "பேசுனதுக்கு எதுக்கு பா காசு? அதோ என் வூட்டாண்ட மீன் வாங்கிட்டுப் போ." வாங்கினோம். அவன் பேச்சைக் கேட்டதும் அந்த அம்மா சங்கராவுக்கு சிங்கப்பூர் ரேட் சொல்லிட்டாங்க என்பது தனிக்கதை!

சரி, இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்? அந்த வாரம் எங்களுக்கு மூணு கைடுகள். ஒருத்தர் காசு வாங்கினார், வாங்கின காசுக்கு மேலேயே கொடுத்தார். ஒருத்தன் தூக்கத்தைக் கொடுத்தான். ஒருத்தர் மீன் விற்றார். மூணு பேருக்கும் ஒரு ஒற்றுமை: அந்த இடத்துக்கு ஒண்ணுன்னா அவங்களுக்கு வலிக்கும். வருஷமும் தேதியும் யார் வேணும்னாலும் மனப்பாடம் பண்ணலாம். அந்த வலி மட்டும் மனப்பாடத்தில் வராது. அது இருக்கிறவர்தான் உள்ளூர் கைடு. அழகானதை மட்டும் காட்டிவிட்டு அனுப்புகிறவர் இல்லை.

உலகத்தில் மற்ற ஊர்க்காரர்களும் இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நியூயார்க்கில் 1992-ல் 'பிக் ஆப்பிள் கிரீட்டர்' என்று ஆரம்பித்தார்கள். சாதாரண ஊர்க்காரர்களே தங்கள் ஏரியாவை வெளியூர்க்காரர்களுக்கு இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள். டிப்ஸ்கூட வாங்கக் கூடாது! அந்த யோசனை பல நாட்டு நகரங்களுக்கும் பரவியது. தில்லியில் தெருவோரக் குழந்தைகளுக்காக 1988-ல் தொடங்கிய சலாம் பாலக் டிரஸ்ட்டின் நடையில், ஒரு காலத்தில் தெருவில் வாழ்ந்த இளைஞர்களே ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்துகளில் கூட்டிட்டுப் போய்த் தங்கள் கதையைச் சொல்வார்கள். நம்ம சென்னையிலும் 2004-லிருந்து ஆகஸ்ட்டில் மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் நடக்கிறது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர், 2019-ல் மறைந்த எஸ்.முத்தையா. அந்த நேரத்தில் நிறைய நடைகள் நடக்கும், காசில்லாமலேயே பலவற்றில் கலந்துக்கலாம்.

தனி கைடு வைக்கிற வசதி இருந்தால் தாராளமாக வைங்க. ஆனால் சில விஷயங்களை முதலிலேயே கேட்டுடுங்க. எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு, நுழைவுச் சீட்டும் ஆட்டோவும் இதிலே சேர்த்தியா? உரிமம் வைத்திருக்கும் கைடு என்றால் அட்டை இருக்கும், காட்டச் சொல்லலாம், தப்பே இல்லை. 'கடைக்குப் போக வேண்டாம் சார்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க. நீங்க வாங்குவதில் கமிஷன் கிடைக்கும் என்பதற்காகவே கடை கடையாக ஏற்றி இறக்குகிறவர்களும் உண்டு. அதைவிட முக்கியம், பேசின காசைக் கடைசியில் பேரம் பேசிக் குறைக்காதீங்க. ஒரு மனுஷனின் முப்பது வருஷ அனுபவத்தை மூணு மணி நேரத்தில் வாங்கறீங்க!

வசதி இல்லையா? உங்க ஏரியாவுக்கு நீங்களே கைடு ஆகிடுங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து பத்தே நிமிஷ நடைக்குள் மூணு பேரைப் பாருங்க. அந்த ஏரியாவில் ரொம்ப வருஷமாகக் கடை வைத்திருப்பவர், கோயிலிலோ மசூதியிலோ சர்ச்சிலோ வேலை பார்ப்பவர், காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து வேலைக்குப் போகிறவர். ஆளுக்கு ஒரே கேள்வி: 'முன்னாடி இங்க என்ன இருந்தது?' போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். கேளுங்க, போதும்.

அத்தை பையன் ஊருக்குத் திரும்பிட்டான். மார்ச்சில் ஒரு நாள் போன் பண்ணினான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒண்ணும் கேட்கலை. "மச்சான், நம்ம நூத்திப் பன்னிரண்டும் பொரிச்சுதா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பீச் பக்கம் நடந்தேன். கொட்டிவாக்கத்தில் பார்க்க வேண்டியது எனக்கே இன்னும் நிறைய பாக்கி இருக்கு!