போருக்காகப் பிறந்த எச்ஏஎல் ஓடுதளம்: பயணிகள் விமானங்கள் திரும்புமா?

பெங்களூரு: கிழக்கு பெங்களூருவின் ஜீவனஹள்ளியில் வசிப்பவர்களுக்கு எச்ஏஎல் விமான நிலையம் சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் பயணிகள் விமானம் ஏற, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி தேவனஹள்ளிக்குச் செல்ல வேண்டியுள்ளது. பழைய நிலையத்தை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுவதற்கு இதுவே காரணம்.

எனினும், அந்த ஓடுதளம் பயணிகளுக்காக உருவானது அல்ல. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தான அரசின் ஆதரவுடன் 1940 டிசம்பரில் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலையை ஒட்டி அது அமைந்தது. திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவு இம்முயற்சிக்குப் பெரும் பலமாக இருந்தது. 1941-இல் இங்கு ஒன்றிணைக்கப்பட்ட ஹார்லோ பயிற்சி விமானம் வானில் பறந்தது.

ஜப்பான் போரில் இறங்கியதும் நிலைமை தலைகீழானது. சிங்கப்பூர் வீழ்ந்து, பர்மாவும் கைநழுவிக்கொண்டிருந்த 1942-இல், வால்சந்தின் பங்குகளை வாங்கி இந்திய அரசு நிர்வாகத்தை ஏற்றது. மறு ஆண்டு தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. விமானம் தயாரிக்கும் கனவு ஒதுங்கியது. சீனா, பர்மா, இந்தியா போர்முனையிலிருந்து வந்த கேட்டலினா, பி-25, டகோட்டா ரக விமானங்களைப் பழுதுபார்ப்பதே முழுநேரப் பணியானது. போர் முடிந்த பிறகே நிர்வாகம் இந்திய அரசிடம் திரும்பியது.

பயணிகள் சேவை பின்னர் வந்த விருந்தாளி. 2008 மே 24-இல் அது தேவனஹள்ளிக்கு மாறியது. ஓடுதளம் மட்டும் ஓய்வு பெறவில்லை. 2001 ஜனவரி 4-இல் தேஜஸ் போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது இங்கிருந்துதான். சோதனைப் பறத்தல்களும் தனியார் விமானங்களின் இயக்கமும் இன்றும் தொடர்கின்றன.

மறுதிறப்புக்குப் பெரிய தடை, தேவனஹள்ளி நிலையத்துக்கான சலுகை ஒப்பந்தம். அது திறக்கப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டர் சுற்றளவில் மைசூரு, ஹாசன் தவிர வேறு புதிய விமான நிலையத்துக்கு அனுமதியில்லை. தமிழக அரசின் ஓசூர் விமான நிலையத் திட்டத்துக்கும் இதே நிபந்தனைதான் குறுக்கே நிற்கிறது.

தேவனஹள்ளியில் 2024-25 நிதியாண்டில் மட்டும் 4 கோடிக்கும் அதிகமானோர் பயணித்துள்ளதால், நகருக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதில் கர்நாடக அரசுக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான இடங்களை அரசு கனகபுரா சாலையிலும் நெலமங்களா பக்கத்திலும் தேடுகிறது. இரண்டுமே ஜீவனஹள்ளிக்கு அருகில் இல்லை.