நரேன் விட்ட சீட் யாருக்கு?

அடி அண்ணாமலை: “நரேனுக்கு அப்புறம் யாருப்பா?”

மெக்கானிக் ஷெட் வாசலில் நாலு இளவட்டங்கள் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். “நம்ம தல இருக்காரே!” என்பான் ஒருவன். “அது வேற ரேஸ், இது வேற ரேஸ்டா” என்று மடக்குவான் இன்னொருவன். மடக்கியவன் சொல்வதுதான் சரி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது பெருமைதான். ஆனால் அது பார்முலா ஒன் சீட் அல்ல!

கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஜோர்டான் அணியில் ஏறினார். பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறில் பல அணிகள் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. நரேன் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். 2012 கடைசியில் அவர் ஓட்டிய எச்.ஆர்.டி. அணியே மூடப்பட்டது. 2019ல் ஒற்றை சீட் பந்தயங்களுக்கும் கும்பிடு போட்டுவிட்டு வேறு வகைக் கார்ப் பந்தயத்துக்குப் போனார்.

இடையில் சென்னையின் கருண் சந்தோக் 2010, 2011ல் ஓட்டினார். அதோடு சரி! 2012 நவம்பருக்குப் பிறகு 2025 வரை ஒரு இந்தியர்கூட பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டவில்லை. விஜய் மல்லையா ‘போர்ஸ் இந்தியா’ என்று பெயர் வைத்து 2008 முதல் அணி நடத்தினார். பெயரில் இந்தியா இருந்தது. பந்தய சீட்டில் ஒரு இந்தியர் உட்காரவில்லை!

பெயர் அடிபடுவது யார்?

பெங்களூர் குஷ் மைனி. 2025ல் மொனாக்கோவில் நடந்த பார்முலா டூ பந்தயத்தில் வென்று காட்டினார். ஆல்பைன் அணி அவரை மாற்று டிரைவராகவும் வைத்துக்கொண்டது. கதவு வரைக்கும் வந்துவிட்டார். மும்பை ஜெஹான் தாருவாலாவும் பார்முலா டூவில் ஜெயித்தவர்தான். பிறகு மின்சாரக் கார்ப் பந்தயத்துக்குப் போய்விட்டார்.

பெயர்களைப் பார்த்தாயிற்று. இனி வீட்டையும் பார்க்க வேண்டும். நரேனின் அப்பா ராலி வீரர். கருணின் அப்பாவும் பந்தயக்காரர். தாத்தா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். மைனி குடும்பம் தொழிலதிபர் குடும்பம். இவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. திறமை இல்லாதவன் முதல் வளைவிலேயே சுவரில் மோதிவிடுவான். ஆனால் திறமை இருந்தும் வீட்டில் பணம் இல்லாதவன் அந்த வளைவைப் பார்ப்பதே இல்லையே, அதற்கு என்ன பதில்?

வெளிநாட்டில் எப்படி?

ஏழு முறை சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் 2025ல் மெர்சிடஸை விட்டு பெராரிக்குப் போனார். அவர் இடத்துக்கு மெர்சிடஸ் தான் வளர்த்த பையனையே கொண்டுவந்தது. இத்தாலியப் பையன் கிமி அந்தோனெல்லியைச் சின்ன வயதிலேயே எடுத்து, கார்ட் வண்டியிலிருந்து வளர்த்து வைத்திருந்தது. 18 வயதில் தூக்கி உட்கார வைத்தது. அந்த ஹாமில்டனும் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. அப்பா ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்த்து மகனை ஓட்ட வைத்தார். 1998ல் மெக்லாரன் கம்பெனி கை கொடுத்தது. அங்கே வாரிசை வளர்க்கிறார்கள். இங்கே வாரிசு தானாக முளைக்கட்டும் என்று காத்திருக்கிறோம்!

நம்மிடம் என்ன இல்லை? சோழவரம் பழைய விமானத் தளத்தில் கூட்டம் அலைமோதிய காலத்திலிருந்து ரேஸ் ஊர் இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் முறையான பந்தயப் பாதை இருக்கிறது. கோவையில் ஒன்று இருக்கிறது. 2024ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் பார்முலா 4 பந்தயமே நடத்திவிட்டார்கள். நடத்தட்டும். அந்த விளக்கு வெளிச்சம் ஒரு திருவண்ணாமலைப் பையன் மேல் விழுந்ததா என்பதுதான் கேள்வி.

வழி இல்லாவிட்டால் ஆசை ரோட்டுக்கு வரும். கிரிவலப் பாதையில் ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். வயசானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் போகிற ரோடு அது. அங்கே சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறப்பவன் நரேன் ஆக முடியாது. ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போவான். இல்லாவிட்டால் யாரையாவது அனுப்புவான். போலீஸ் பிடித்து அபராதம் போடுவது சரிதான். ஆனால் “ஓட்டாதே” என்று மட்டும் சொன்னால் போதுமா? “இங்கே வந்து ஓட்டு” என்றும் ஒருவர் சொல்ல வேண்டாமா?

பைக் பந்தயத்தில் இதற்குக் கொஞ்சம் வழி செய்திருக்கிறார்கள். டி.வி.எஸ்., ஹோண்டா போன்ற கம்பெனிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்துப் போட்டி நடத்துகின்றன. அங்கே அப்பா பர்ஸ் ஓடுவதில்லை, பையன்தான் ஓடுகிறான். அதே முறையைச் சிறுவர்களின் கார்ட் வண்டிக்கும் கொண்டுவரலாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் தேர்வு வைக்கட்டும். வேகமான பத்துப் பேரைப் பொறுக்கி, ஹெல்மெட், பயிற்சி, பந்தய லைசென்ஸ் செலவை ஏற்கட்டும். தமிழ்நாட்டில் கார் தயாரிக்கும் கம்பெனிகள் ஒரு பங்கு போடட்டும். ஒரு ராத்திரிப் பந்தயத்துக்கு ஆகும் செலவில் ஒரு துளி இது!

அடுத்த நரேன் யார் என்று ஜோசியம் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். அவன் இன்றைக்கு ஏதோ ஒரு ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருக்கலாம். அவனைத் தேடிப் போக ஆள் உண்டா? சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?